சின்ன டிஸ்ட்ரிக்டில் கிளப் தொடங்குவது எப்படி: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்கு டிஸ்ட்ரிக்ட் என்று பெயர். நாடு முழுக்கச் சுமார் 13,000 டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன. அவற்றில் பல, ஒரு தொடக்கப்பள்ளி, ஒரு நடுநிலைப்பள்ளி, ஒரு உயர்நிலைப்பள்ளி என்று மூன்றே கட்டடங்களோடு முடிந்துவிடும். கிராமப்புறச் சிறு டிஸ்ட்ரிக்டுகளுக்கென்று மத்திய அரசு தரும் நிதித் திட்டம் ஒன்றில், அன்றாடம் பள்ளிக்கு வரும் மாணவர் எண்ணிக்கை சராசரியாக 600-க்குக் குறைவு என்பது ஒரு வரம்பு. அப்படிப்பட்ட ஊருக்கு வேலை மாறி வருகிறவர்கள் முதல் மாதமே கேட்பது: "இங்கே ரோபாட்டிக்ஸ் இல்லையா? டிபேட் இல்லையா? செஸ்கூட இல்லையா?"

இல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் பணம் அல்ல. மணி அடித்த பிறகு ஒன்றேகால் மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார ஒரு பெரியவர் இல்லை. அவர் கிடைத்தால் அறை காலியில்லை. நீங்கள் எதைக் கேட்கப் போனாலும் இந்த இரண்டுக்கும் விடையோடு போனால் காரியம் நடக்கும். நிதி திரட்டித் தருகிறேன் என்று மட்டும் போனால் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

யாரிடம் எதைக் கேட்பது

டிஸ்ட்ரிக்ட் என்பது ஊராட்சியோ நகராட்சியோ இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் அது தனி அமைப்பு. மக்கள் தேர்ந்தெடுத்த போர்டு உண்டு. அதில் ஐந்து பேரோ ஏழு பேரோ இருப்பார்கள், மாதம் ஒருமுறையோ இருமுறையோ கூடுவார்கள். போர்டு நியமிக்கும் தலைமை நிர்வாகி சூப்பரின்டெண்டென்ட். அவருக்குக் கீழே ஒவ்வொரு பள்ளிக்கும் பிரின்சிபால்.

சின்ன இடத்தில் ஒரே ஆள் மூன்று தொப்பி போட்டிருப்பார். விளையாட்டுகளைக் கவனிக்கும் அத்லெட்டிக் டைரக்டர்தான் துணை பிரின்சிபால், அவரே சமூக அறிவியலும் எடுப்பார். அதனால் பதில் வரத் தாமதமானால் மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். உண்மையில் முதலில் பழக வேண்டியவர் பள்ளி அலுவலகச் செயலாளர். எந்த அறை எந்தக் கிழமை காலி, எந்தப் படிவம் யார் மேஜையில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஒரு அறையில் ஒரு கிளப் நடத்துவது பிரின்சிபால் அளவில் முடிகிற விஷயம். வெளி நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம், நன்கொடை ஏற்பு, மாநிலம் தாண்டிய பயணம், புது விளையாட்டு அணி இவையெல்லாம் பெரும்பாலும் சூப்பரின்டெண்டென்ட் வழியாக போர்டுக்குப் போகும். பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் டிஸ்ட்ரிக்டைக் கட்டுப்படுத்தாமல் போகலாம்; சிநேகமாகச் சரி என்று சொன்னவர் அடுத்த வருடம் வேறு ஊருக்கு மாறிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

போவதற்கு முன்னால் போர்டு பாலிசியைப் படியுங்கள். டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் இருக்கும். பல மாநிலங்களில் பாலிசிகளுக்கு எழுத்துக் குறியீடு: ஜே என்று தொடங்கினால் மாணவர் தொடர்பானது, கே என்று தொடங்கினால் சமூக உறவு. கலிஃபோர்னியாவில் எண்கள்: 6145 மாணவர் செயல்பாடுகள், 1330 பள்ளி இடங்களை வெளியார் பயன்படுத்துவது, 1240 தன்னார்வலர், 1230 பள்ளியோடு இணைந்த பெற்றோர் அமைப்புகள். நாலு பக்கம் படித்துவிட்டு, "1330-ன்படி விண்ணப்பிக்கிறேன்" என்று எழுதுகிறவருக்கும் "ஒரு ரூம் கிடைக்குமா?" என்று கேட்கிறவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு.

எந்த மாதத்தில் கேட்பது

பெரும்பாலான மாநிலங்களில் டிஸ்ட்ரிக்டின் நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அடுத்த வருடத்துக்கு எந்த ஆசிரியருக்கு எந்த கிளப் பொறுப்பு, அதற்கு எவ்வளவு படி என்பதெல்லாம் வசந்தகாலத்தில் பேசி முடிவாகும். ஆசிரியர் சங்க ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் அந்தப் படிப் பட்டியல் இருக்கும். உங்கள் கிளப் அதில் இல்லையென்றால் அந்த ஆசிரியர் சும்மாதான் உட்கார வேண்டும். எனவே மார்ச், ஏப்ரலில் கேட்டால் செப்டம்பரில் நடக்கும். செப்டம்பரில் கேட்டால் ஜனவரியில் நடந்தால் அதிர்ஷ்டம்.

ஜிம்மை நவம்பர் முதல் பிப்ரவரி வரை கேட்கவே வேண்டாம். ஆண்கள் கூடைப்பந்து, பெண்கள் கூடைப்பந்து, ஜூனியர் அணிகள், மல்யுத்தம் எல்லாம் அந்த ஒரே தரையில்தான். நூலகமும் சிற்றுண்டிக் கூடமும் அப்போதும் கிடைக்கும். மே மாதம் ஏபி தேர்வு (கல்லூரி அளவுப் பாடங்களுக்கானது). மாநிலத் தேர்வுகளும் வசந்தத்தில்தான். அந்த வாரங்களில் எதையும் வைக்காதீர்கள்.

கிளப் தொடங்க

உயர்நிலைப்பள்ளியில் கிளப்பைத் தொடங்க வேண்டியவர் மாணவர். பெற்றோர் இல்லை. 1984-ம் ஆண்டின் ஈக்வல் ஆக்சஸ் சட்டம் இங்கே முக்கியம். மத்திய நிதி பெறும் ஒரு உயர்நிலைப்பள்ளி, பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரே ஒரு மாணவர் கிளப்பை அனுமதித்தாலும், மதம், அரசியல், கொள்கை காரணமாக இன்னொரு கிளப்பை மறுக்க முடியாது. 1990-ல் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே சட்டம், கிளப் மாணவர் தொடங்கியதாகவும் விருப்பப்பட்டுச் சேர்வதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. வெளியாட்கள் கூட்டத்தை நடத்தவோ, கட்டுப்படுத்தவோ, தவறாமல் வந்து உட்காரவோ கூடாது. வாராவாரம் அப்பா வந்து நடத்தும் கிளப் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வராது. தொடக்கப்பள்ளிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே பெற்றோரே முன்னின்று நடத்துவது சகஜம், அது வேறு பாதை.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்:

1. உங்கள் பிள்ளை, வருவதாகச் சொல்லும் எட்டுப் பத்துப் பேரின் பெயரையும் வகுப்பையும் எழுதி வாங்கட்டும். அவர்களில் குறைந்தது மூன்று பேர் அடுத்த வருடமும் பள்ளியில் இருப்பவர்களாக வேண்டும். எல்லாரும் 12-ம் வகுப்பென்றால் ஜூனில் கிளப் மூடிவிடும்.
2. அட்வைசராக ஒரு ஆசிரியரை மாணவரே கேட்கட்டும். மூன்று அணிக்கு ஏற்கெனவே கோச்சாக இருப்பவரை விட்டுவிடுங்கள். நூலகர், கலை ஆசிரியர், புதிதாகச் சேர்ந்தவர் இவர்களிடம் கேட்டால் வாய்ப்பு அதிகம்.
3. நாள், நேரம், அறை. பள்ளி விட்டதிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். மாலைப் பேருந்து ஒன்று இருந்தால் அது கிளம்பும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் முடியுங்கள்.
4. ஒரு பக்க விதிமுறை: பெயர், நோக்கம், யார் சேரலாம் (எல்லாரும்), பொறுப்பாளர் தேர்வு, பணம் எங்கே இருக்கும்.
5. பிரின்சிபாலிடம் எழுத்தில் கொடுப்பது.

கடிதம் நீளமாக வேண்டாம். சாரம் இவ்வளவு போதும்: "பதினோரு மாணவர்கள் செஸ் கிளப் தொடங்க விரும்புகிறோம், பட்டியல் இணைப்பில். நூலகர் அட்வைசராக இருக்கச் சம்மதித்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை மூன்று மணி முதல் நாலேகால் வரை நூலகம். டிஸ்ட்ரிக்ட் பணம் தேவையில்லை. அக்டோபர் முதல் வாரம் தொடங்க அனுமதி வேண்டும்." இதில் பிரின்சிபால் யோசிக்க வேண்டியது எதுவும் பாக்கி இல்லை.

செஸ்ஸையே கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் சின்ன டிஸ்ட்ரிக்டுக்கு அதைவிட எளிதான தொடக்கம் கிடையாது. 16 பேருக்கு 8 பலகை, உபரியாக ஒன்று. சுருட்டி வைக்கிற வினைல் பலகை வாங்குங்கள், கட்டம் 2.25 அங்குலம், ராஜா 3.75 அங்குலம், இதுதான் போட்டிகளில் வழக்கமான அளவு. மடக்கும் மரப்பலகை கீல் உடைந்து ஆறு மாதத்தில் போய்விடும். ஒவ்வொரு செட்டிலும் உபரி ராணி இரண்டு இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் சிப்பாய் ராணியாகும்போது கவிழ்த்து வைத்த யானையை வைத்துச் சண்டை வரும். கடிகாரம் நாலு போதும், அதுவும் இரண்டாவது மாதத்திலிருந்து. ஒவ்வொரு செட்டையும் எண் எழுதிய தனிப் பையில் போட்டு, முடியும்போது உபரி ராணிகளோடு 34 காய் எண்ணி வைப்பது மாணவரின் வேலை. எண்ணாமல் விட்டால் டிசம்பருக்குள் மூன்று செட் ஊனமாகிவிடும்.

கிளப்புகள் சாவது பெரும்பாலும் காய் தொலைந்து இல்லை, பிள்ளையை அழைத்துப்போக யாரும் வராததால். நாலேகாலுக்கு முடிந்து, ஐந்து மணி வரை ஒரு குழந்தையோடு நூலகர் உட்கார்ந்திருப்பது மூன்றாவது முறை நடந்தால் அவர் விலகிவிடுவார். அதனால் முதல் நாளே ஒரு தாள்: பெயர், வகுப்பு, யார் அழைத்துப்போவார், இரண்டு தொலைபேசி எண், ஒவ்வாமை. போகும்போது நேரம் போட்டுக் கையெழுத்து. பத்து நிமிடத்துக்கு மேல் இரண்டு முறை தாமதமானால் அடுத்த வாரம் வரவேண்டாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடுமையாகத் தெரியும், ஆனால் அட்வைசரைக் காப்பாற்றுவது இந்த ஒரு விதிதான். இன்னொன்று, ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. கதவு திறந்திருக்கட்டும்.

தேசிய அளவில் கிளை வைத்திருக்கும் அமைப்புகளோடு சேர்ந்தால் விதிமுறை, போட்டி எல்லாம் தயாராகக் கிடைக்கும்: எஃப்எஃப்ஏ (விவசாயம்), எஃப்பிஎல்ஏ (வணிகம்), டெக்கா (விற்பனை, தொழில்முனைவு), சயின்ஸ் ஒலிம்பியாட், ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ். பெரிய ரோபாட் போட்டியில் முதல் வருடமே இறங்க வேண்டாம். ஃபர்ஸ்ட் அமைப்பிலேயே லெகோ கொண்டு செய்யும் சிறுவர் பிரிவு இருக்கிறது. ஒரு மேஜை, ஒரு மடிக்கணினி, ஆறேழு பிள்ளைகள் என்று அங்கிருந்து தொடங்குங்கள்.

விளையாட்டு

இங்கே சின்னப் பள்ளி ஒரு வரம். பெரிய பள்ளியில் நூறு பேர் போட்டியிடும் அணிக்கு இங்கே ஆள் சேர்ந்தால் போதும் என்றிருப்பார்கள். பந்தையே தொடாத பிள்ளைகூட ஓட்டப்பந்தய அணியில் சேரலாம். உங்கள் பள்ளியில் இல்லாத விளையாட்டுக்குப் பக்கத்து டிஸ்ட்ரிக்டோடு கூட்டு அணி இருக்கலாம். கோ-ஆப் என்று கேளுங்கள்.

தடுமாறுவது மூன்று இடத்தில். ஒன்று, மருத்துவப் பரிசோதனைப் படிவம். அது இல்லாமல் முதல் நாள் பயிற்சிக்கே விடமாட்டார்கள். ஆகஸ்டில் மருத்துவரிடம் இடம் கிடைக்காது, ஜூனில் முடித்துவிடுங்கள். ஆனால் படிவத்தில் எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்தது செல்லும் என்று முதலில் பாருங்கள். இரண்டு, மதிப்பெண் விதி. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சஸில் 1984 முதல் 'நோ பாஸ், நோ ப்ளே' இருக்கிறது, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே இறங்கினால் ஆட்டத்தில் இறங்க முடியாது. மூன்று, வருட நடுவில் பள்ளி மாறியவருக்கு மாநில விளையாட்டுச் சங்கத்தின் மாற்றல் விதி. குடும்பமே வீடு மாறி வந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தைக் கையில் வையுங்கள்.

பிள்ளைக்கு உடல் குறையோ கற்றல் குறையோ இருந்தால் கிளப்பும் அணியும் அவருக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1973-ன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ம் பிரிவு வகுப்பறைக்கு வெளியேயும் பொருந்தும். ஆண் பெண் பாகுபாட்டைத் தடுப்பது 1972-ன் டைட்டில் நைன் சட்டம்.

நீங்கள் தன்னார்வலராகப் போவதென்றால்

வகுப்பில் ஒரு மணி நேரம் கதை படித்துக் காட்டக்கூட பின்னணிச் சோதனை இருக்கும். சில இடத்தில் பெயர் வைத்துத் தேடுவதோடு சரி, சில இடத்தில் கைரேகை. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் படிவத்தை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம். பாஸ்போர்ட்டை வைத்து மாற்று வழி உண்டா என்று டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தைக் கேளுங்கள். அந்த எண்ணைத் தப்பாகவோ வேறு ஒருவருடையதாகவோ மட்டும் எழுதிவிடாதீர்கள். சோதனை முடிவு வர வாரக்கணக்கில் ஆகலாம். அதனால் நிகழ்ச்சிக்கு முந்தின வாரம் இல்லை, பள்ளி திறக்கும் வாரத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாக்காரரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) இருப்பவர்கள் கவனிக்க: வேலை அனுமதி அட்டை இல்லாமல் கோச் படி, அட்வைசர் படி எதையும் வாங்கக் கூடாது, சின்னத் தொகையாக இருந்தாலும். பள்ளி வழக்கமாகச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் பணியை, 'எனக்குப் பணம் வேண்டாம்' என்று சொல்லி ஏற்பதும் சிக்கலில் விடலாம். நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, அறிவியல் கண்காட்சியில் நடுவராக இருப்பது போன்றவை எப்போதும் தன்னார்வலர் செய்யும் வேலைகள், அங்கே பயமில்லை. எல்லையில் நிற்கிற விஷயம் என்றால் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். உங்கள் பிள்ளைக்கும் இதே கதைதான். உள்ளூர் நிறுவனம் பள்ளி வழியாகச் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் கொடுத்தால் எச்-4 பிள்ளை எடுக்க முடியாது. பள்ளி ஆலோசகருக்கு இது தெரியாமல் இருக்கலாம். முன்கூட்டியே சொன்னால் ஊதியமில்லாத, கூடவிருந்து பார்க்கும் வாய்ப்புக்கு மாற்றித் தருவார்.

பணம்: மூன்று பை, கலக்கவே கூடாது

சின்ன டிஸ்ட்ரிக்டில் பெற்றோர் முயற்சிகள் உடைவதற்குப் பெரிய காரணம் களவு இல்லை, கலப்படம். பணம் மூன்று இடத்தில் இருக்கலாம்.

முதல் பை, டிஸ்ட்ரிக்டின் சொந்த நிதி. இரண்டாவது, மாணவர் செயல்பாட்டு நிதி: மாணவர்கள் திரட்டியது, மாணவர்கள் முடிவுசெய்வது, ஆனால் கணக்கு பள்ளி அலுவலகத்தில். இதில் செலவு செய்ய மாணவர் பொறுப்பாளரும் அட்வைசரும் ஒப்புதல் தரவேண்டும். வாங்கிவிட்டு ரசீது நீட்டுவது நடக்காது. முதலில் கொள்முதல் ஒப்புதல், பிறகு வாங்குதல். இந்த வரிசை தெரியாமல் கைக்காசு போட்டு, அந்தப் பணம் திரும்பி வராமலே போனவர்கள் உண்டு.

மூன்றாவது பை, பூஸ்டர் கிளப் (ஓர் அணிக்கோ கிளப்புக்கோ நிதி திரட்டும் பெற்றோர் குழு) அல்லது பிடிஓ (பெற்றோர்-ஆசிரியர் அமைப்பு). இது பள்ளியைச் சேர்ந்ததே இல்லை. பெற்றோர் நடத்தும் தனி அமைப்பு. பிடிஏ என்றால் 1897-ல் தொடங்கிய தேசியச் சங்கத்தின் கிளை, உறுப்பினர் சந்தாவில் ஒரு பங்கு மேலே போகும். பிடிஓ தன்னிச்சையானது. தனி அமைப்பு என்றால் தனி வரி எண் வேண்டும். மத்திய வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் இணையதளத்தில் ஈஐஎன் என்ற அந்த எண்ணை இலவசமாக எடுக்கலாம். டிஸ்ட்ரிக்டின் எண்ணை வைத்து வங்கிக் கணக்கு திறப்பது பெரிய தப்பு. தணிக்கையில் முதலில் சிக்குவது அதுதான்.

வருடத்தில் வழக்கமாக 5,000 டாலருக்கு மேல் வராத சின்ன அமைப்பு, 501(சி)(3) என்ற வரிவிலக்குத் தகுதிக்கு விண்ணப்பம் போடத் தேவையில்லை. அதற்கு மேல் போனால், வருட வரவு 50,000 டாலரைத் தாண்டாது, சொத்து 250,000 டாலரைத் தாண்டாது என்றால் 1023-ஈசட் என்ற சுருக்கப் படிவம் போதும். கட்டணம் 275 டாலர். பிறகு வருடாவருடம் ஐஆர்எஸ்ஸுக்கு 990-என் என்ற சிறு இணையப் படிவம். கணக்காண்டு முடிந்த பிறகு வரும் ஐந்தாவது மாதம் 15-ம் தேதிக்குள். ஜூன் 30-ல் ஆண்டு முடிந்தால் நவம்பர் 15. ஐந்து நிமிட வேலை, ஆனால் பொருளாளர் மாறும்போது இது மறந்துபோகும். தொடர்ந்து மூன்று வருடம் விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும்.

'என் பிள்ளை விற்ற சாக்லேட் காசு என் பிள்ளை பயணத்துக்கே' என்று பெயர் பெயராகக் கணக்கு வைப்பது பல ஊர்களில் நடக்கிறது. நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் வரிவிலக்கு அமைப்பு தனி நபருக்கு லாபம் சேர்க்கக் கூடாது. 2013-ல் வரி நீதிமன்றம் கேப்பிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் வழக்கில் இதே காரணத்துக்காக விலக்கை இழந்தது சரி என்று தீர்ப்பளித்தது. திரட்டியது எல்லாருக்கும் பொது என்று விதிமுறையிலேயே எழுதிவிடுங்கள்.

காசோலைக்கு இரண்டு கையெழுத்து. ரொக்கத்தை நிகழ்ச்சி நடந்த இடத்திலேயே இருவர் எண்ணி, தாளில் கையெழுத்திட்டு, மறுநாள் வங்கியில். வீட்டுக்கு எடுத்துப்போய் எண்ண வேண்டாம். கணவன் மனைவி இருவரே அந்த இருவராகவும் வேண்டாம். நன்கொடை 250 டாலரோ அதற்கு மேலோ என்றால் எழுத்தில் ரசீது தர வேண்டும்.

தின்பண்டம் விற்றுப் பணம் சேர்ப்பவர்களுக்கு ஒரு கடிகாரக் கணக்கு. மத்திய அரசின் பள்ளி உணவுத் திட்டத்தில் இருக்கும் பள்ளிகளில், முந்தின நள்ளிரவு முதல் பள்ளி விட்டு 30 நிமிடம் வரை விற்கும் தின்பண்டம் சர்க்கரை, உப்பு, கலோரி வரம்புக்குள் இருக்க வேண்டும். வருடத்தில் சில நாள் விலக்கு தர மாநிலங்களுக்கு அனுமதி உண்டு. மாலை ஆட்டத்தில் விற்பதற்கு இந்த வரம்பு இல்லை. ஆனால் அங்கே கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) சுகாதாரத் துறை வரும். வீட்டில் சுட்ட முறுக்கையும் கடலை மிட்டாயையும் ஆசையாக எடுத்துப்போவதற்கு முன்னால் நிலக்கடலை ஒவ்வாமை பற்றிய பள்ளி விதியைப் பாருங்கள். கடையில் வாங்கி, உட்பொருள் அச்சிட்ட பொட்டலம் மட்டும் என்பதே பல பள்ளிகளின் வழக்கம்.

பள்ளிச் செயல்பாட்டுக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் கட்டண விலக்கு கேட்கலாம். வருமானம் மத்திய வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவச மதிய உணவு, 185 சதவீதத்துக்குள் இருந்தால் குறைந்த விலை. பல டிஸ்ட்ரிக்டுகள் இந்தத் தகுதியையே செயல்பாட்டுக் கட்டணத்துக்கும் எடுத்துக்கொள்ளும். ஆனால் தானாக நடக்காது. உணவுப் பிரிவில் இருக்கும் தகவலைப் பகிரச் சம்மதம் என்று தனிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்.

ஊரோடு கூட்டு

சின்ன ஊரில் கூட்டாளிகள் கைவிரல் எண்ணிக்கைதான், அதனால் எல்லா கிளப்பும் ஒரே ஹார்ட்வேர் கடையிடம் போய் நிற்கும். அவரிடம் போவதற்கு முன், இந்த வருடம் யாரெல்லாம் அவரைக் கேட்டிருக்கிறார்கள் என்று பள்ளிச் செயலாளரிடம் விசாரியுங்கள். பணத்தை விட ஆளும் பொருளும் நேரமும் கேட்பது எளிது. பொது நூலகத்தில் கூட்ட அறை இலவசமாகக் கிடைக்கும். கவுன்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகம் 4-எச் என்ற இளைஞர் குழுக்களை நடத்தும். 1914-ன் ஸ்மித்-லீவர் சட்டத்தில் உருவான ஏற்பாடு அது, மாநிலப் பல்கலைக்கழகம் பின்னால் இருக்கிறது, விவசாயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரோட்டரி கிளப் பள்ளியில் இன்டராக்ட் கிளப் வைக்கும், கிவானிஸ் கீ கிளப் வைக்கும், இரண்டும் மாணவர் சேவைக் குழுக்கள். தன்னார்வத் தீயணைப்புப் படை, முதியோர் மையம், பக்கத்து ஊர்ச் சமுதாயக் கல்லூரி, எந்திரக் கூடம் இவையெல்லாம் கேட்டால் வரும்.

கேட்கும்போது அளவோடு, முடிவு தேதியோடு கேளுங்கள். "எங்களோடு இணைந்து செயல்படுவீர்களா?" என்பதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்லவும் மாட்டார்கள், எதுவும் செய்யவும் மாட்டார்கள். "அக்டோபரில் நான்கு வியாழக்கிழமை, மூன்றரை முதல் நாலரை வரை, உங்கள் வெல்டர் ஒருவர்" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போவதற்கு ஒப்பந்தம் வேண்டாம். தொடர்ந்து வந்தால் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை: யார் யார், என்ன வேலை, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது, பின்னணிச் சோதனைக்கு யார் பணம் கட்டுவார், காப்பீடு, புகைப்படம், 30 நாள் முன்னறிவிப்போடு விலகும் உரிமை. புகைப்படம் பற்றி எழுதாமல் விட்டுப் பிறகு சண்டையானவை அதிகம். மாணவர் தகவலைக் காக்கும் 1974-ன் ஃபெர்பா சட்டப்படி பெற்றோர் தங்கள் பிள்ளையின் பெயர், படம் போன்ற பொதுத் தகவல் வெளியே போக வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். அந்தப் பட்டியல் அலுவலகத்தில் இருக்கும்; கூட்டாளி நிறுவனம் தன் பக்கத்தில் படம் போடுவதற்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளி அமைப்பாக நீங்கள் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுப்பது தனிப் பாதை. வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்த வகுப்பறை கேட்பது இதில்தான் வரும். விண்ணப்பத்தில் உங்களை ஒரு வகையில் போடுவார்கள்: பள்ளிக் குழு, இளைஞருக்கான லாபநோக்கற்ற அமைப்பு, உள்ளூர்வாசிகள், வணிகம். வகைக்குத் தகுந்த கட்டணம். அறை வாடகை குறைவாக இருந்தாலும் சனிக்கிழமை கதவு திறக்கும் கஸ்டோடியனின் (கட்டடப் பராமரிப்பாளர்) கூடுதல் நேரச் சம்பளம் உங்கள் தலையில் விழும். அவர் ஏற்கெனவே வேலையில் இருக்கும் நாளை, உதாரணமாக ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் மிச்சமாகும்.

காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர், மொத்தம் 20 லட்சம் டாலர் என்பது வழக்கமான அளவு. இங்கே எல்லாரும் தடுக்கி விழும் கல் ஒன்று இருக்கிறது. சான்றிதழின் கீழே 'சான்றிதழ் பெறுபவர்' என்ற கட்டத்தில் டிஸ்ட்ரிக்ட் பெயர் இருந்தால் போதாது. டிஸ்ட்ரிக்டைக் 'கூடுதலாகக் காப்பீடு பெறுபவர்' (அடிஷனல் இன்ஷ்யூர்டு) ஆகவும் சேர்த்து, அதற்கான இணைப்பையும் வைக்க வேண்டும். பெயரும் உயர்நிலைப்பள்ளியின் பெயராக இருக்கக் கூடாது, டிஸ்ட்ரிக்டின் முழுச் சட்டப்பூர்வப் பெயர் வேண்டும். இந்த இரண்டுக்காகவே திரும்பி வந்து மூன்று வாரம் போகும்.

மற்ற வெளிக் குழுக்களுக்கு மாலையில் இடம் கொடுக்கும் டிஸ்ட்ரிக்ட், மதக் கண்ணோட்டம் காரணமாக ஒரு குழுவை மட்டும் மறுக்கக் கூடாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் மில்ஃபோர்டு பள்ளி வழக்கில் சொல்லியிருக்கிறது. அது எல்லாருக்கும் பொருந்தும், நமக்கும், நமக்குப் பிடிக்காதவர்களுக்கும்.

தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: சீல் ஆஃப் பைலிட்டரசி. கலிஃபோர்னியா 2011-ல் சட்டமாக்கியது, பிறகு மற்ற மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டினால் பட்டயத்தில் முத்திரை. சின்ன டிஸ்ட்ரிக்டில் தமிழ்த் தேர்வு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பிலேயே ஆலோசகரிடம், எந்தத் தேர்வை ஏற்பீர்கள், யார் கண்காணிப்பார், கட்டணம் யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பயணம்

போட்டிக்குப் பிள்ளைகளை யாருடைய காரிலாவது ஏற்றிப் போவது எளிதாகத் தோன்றும். ஓட்டுநர் படிவம், உரிமம், காப்பீட்டு நகல் மூன்றும் அலுவலகத்தில் இல்லாமல் செய்யாதீர்கள். 15 பேர் உட்காரும் வேன் வேண்டவே வேண்டாம். ஓட்டுநரையும் சேர்த்து 11 பேரோ அதற்கு மேலோ ஏறும் புது வண்டியை மாணவர் போக்குவரத்துக்காகப் பள்ளிக்கு விற்பதோ வாடகைக்குக் கொடுப்பதோ, அது பள்ளிப் பேருந்துத் தரத்தில் இல்லையென்றால் மத்திய சட்டம் தடுக்கிறது. பேருந்து கேட்பதென்றால் ஓட்டுநர்தான் தட்டுப்பாடு. காலை, மாலை வழித்தடம் முடிந்த பிறகு கிளம்பும் நேரமாகக் கேட்டால் கிடைக்கும். மூன்று மணிக்குக் கேட்டால் கிடைக்காது. '77 பேர்' என்று எழுதியிருக்கும் பேருந்து ஒரு இருக்கைக்கு மூன்று சின்னப் பிள்ளைகள் என்ற கணக்கு. உயர்நிலைப்பள்ளி மாணவர் இருக்கைக்கு இரண்டு பேர்தான், 52-க்குள் கணக்குப் போடுங்கள்.

மறுத்துவிட்டால்

எழுத்தில் காரணம் கேளுங்கள், எந்தப் பாலிசியின்படி என்றும் கேளுங்கள். பிரின்சிபால், பிறகு சூப்பரின்டெண்டென்ட், பிறகுதான் போர்டு. நடுப்படியைத் தாண்டி நேரே போர்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டினால் சின்ன ஊரில் அது ஐந்து வருடம் நினைவிருக்கும். போர்டில் பொதுமக்கள் பேச ஒதுக்கும் நேரம் பல இடங்களில் மூன்று நிமிடம். உறுப்பினர்கள் கேட்டுக்கொள்வார்கள், பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயத்தில் முடிவெடுக்கப் பல மாநிலங்களில் சட்டம் இடம் தராது. அவர்களின் மௌனத்தை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். மாணவரையே பேச விடுங்கள். பெற்றோர் மூவர் பேசுவதைவிட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றரை நிமிடம் பேசினால் எடுபடும். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே கேளுங்கள். சொந்தப் பிள்ளையை அதற்கு உட்கார வைக்காதீர்கள்.

ஜூன் மாதம்

கடைசிக் கூட்டத்தில் ஒரு கோப்பு கட்டி அட்வைசரிடமும் அடுத்த வருட மாணவத் தலைவரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள்: உறுப்பினர் பட்டியல், விதிமுறை, கூட்டாளிகளின் பெயரும் எதற்குச் சம்மதித்தார்கள் என்பதும், ஒப்பந்தம் முடியும் தேதி, கணக்கில் மிச்சம், 990-என் கடைசியாகத் தாக்கல் செய்த தேதி, பொருள்கள் எந்த அலமாரியில் என்பது. அலமாரியில் கிளப்பின் பெயரும் அட்வைசரின் பெயரும் எழுதி ஒட்டுங்கள். கோடையில் தரை மெழுகும்போது, பெயரில்லாத பெட்டி எல்லாம் குப்பைக்குப் போகும்.